உடைந்த கடைவாய்ப்பல்: அடைப்பதா, கேப் போடுவதா, பிடுங்கிவிட்டு வேறு பல் கட்டுவதா?

வாயில் அதிகம் அடிபடுவது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதிலேயே முளைத்துவிடும். பால்பல் எதுவும் விழாமல் வரிசைக்குப் பின்னால் முளைப்பதால், இதுவும் விழுந்து முளைக்கிற பல்தான் என்று பல வீடுகளில் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். சொத்தை பிடிக்கும், அடைப்பார்கள், அடைத்தது விலகும், மறுபடி அடைப்பார்கள். நாற்பது வயதை ஒட்டி ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது ஒரு பக்கச் சுவரே பெயர்ந்து கையோடு வரும். அப்போது ஒரு மருத்துவர் ரூட் கெனால் செய்து (பல்லுக்குள் நரம்பு ஓடும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைத்து), மேலே கேப் என்னும் உறை போடலாம் என்பார். இன்னொருவர் பிடுங்கிவிட்டு, தாடை எலும்பில் திருகு பதித்துக் கட்டும் இம்பிளான்ட் வைக்கலாம் என்பார். பக்கத்து வீட்டுக்காரர், இரு பக்கத்துப் பற்களையும் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் போட்டு நன்றாக இருக்கிறது என்பார். எதைச் செய்வது?

மதுரையில் ஒரு பல் லேப்பில் வேலை செய்கிறேன். மருத்துவர்கள் அனுப்பும் அளவை வைத்து கேப், பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல் எல்லாம் செய்வது எங்கள் தொழில். நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. ஆனால் செதுக்கிய பல்லின் அச்சைக் கையில் வைத்து, லென்ஸ் வழியாகச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். சிகிச்சை எதுவென்று முடிவு செய்வது மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும், எந்த வழி எங்கே பொருந்தும் என்பதை இந்த ஒரே பல்லை வைத்துச் சொல்கிறேன்.

சொந்தக்காரர்கள் என்னிடம் எடுத்தவுடன் கேட்பது கேப்பின் பொருளைப் பற்றித்தான்: "ஜிர்கோனியா நல்லதா, மெட்டல் நல்லதா?" அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது வேறு: ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

மிச்சம் இருக்கும் பல்தான் முடிவு செய்கிறது

கேப் பசையால் மட்டும் நிற்பதில்லை. அதன் அடிவிளிம்பு நல்ல பல்லைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வண்டிச் சக்கரத்தைச் சுற்றி அடிக்கும் இரும்புப் பட்டை மரம் பிளந்துபோகாமல் இறுக்கிப் பிடிப்பதுபோல, கேப்பின் விளிம்பு பல்லைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடிக்கு ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் 2 மி.மீ. உயரத்துக்காவது சொந்தப் பல்லின் சுவர் வேண்டும். உள்ளே நிரப்பிய சிமென்ட்டோ, காம்போசிட் என்னும் பல் நிறப் பிசினோ இந்தக் கணக்கில் சேராது.

லேப்பில் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். அளவிலிருந்து வார்த்த கல் அச்சில், கேப் முடிய வேண்டிய விளிம்பைச் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவோம். நல்ல அச்சில் கோட்டுக்கு மேலே ஒரு சுவர் நிமிர்ந்து நிற்கும். சிலவற்றில் கோடு போட்ட இடத்திலேயே பல் முடிந்துவிடும். மேலே இருப்பதெல்லாம் நிரப்பி எழுப்பிய மேடு. அப்படிப்பட்ட பல்லுக்கும் கேப் செய்து கொடுக்கிறோம், மாட்டவும் செய்கிறார்கள். கொஞ்ச காலத்தில் கேப்பும் மேடும் ஒன்றாகக் கழன்று வந்துவிடும், இல்லையென்றால் உள்ளே வேர் விரிசல் விடும். அந்தக் கேப்பை எவ்வளவு விலை உயர்ந்த பொருளில் செய்திருந்தாலும் இதேதான் நடக்கும்.

அதனால் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: சொத்தையை முழுக்கச் சுத்தம் செய்த பிறகு சுற்றிலும் 2 மி.மீ. சுவர் மிஞ்சுமா? வேரில் நெடுக்காக விரிசல் இருக்கிறதா? உடைந்த இடம் எலும்பு மட்டத்துக்குக் கீழே போயிருக்கிறதா? வேர் நெடுக்காக விரிந்திருந்தால் கீழ்க் கடைவாய்ப்பல்லைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நடக்காது. உடைப்பு கொஞ்சம்தான் கீழே என்றால், ஈறையும் எலும்பையும் சிறிது இறக்கிப் பல்லை வெளிக்காட்டும் சின்ன அறுவை உண்டு. இந்த மூன்றுக்கும் எக்ஸ்ரேயைக் காட்டிப் பதில் சொல்கிற மருத்துவர் கிடைத்தால் விடாதீர்கள்.

அடைப்பு மட்டும் போதும் என்றால்

சொத்தை நரம்பைத் தொடவில்லை, உடைந்தது ஒரு மூலை மட்டும், மற்றச் சுவர்கள் தடிமனாக நிற்கின்றன என்றால் அடைப்பே சரி. இன்று பெரும்பாலும் போடுவது பல் நிறக் காம்போசிட். எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் ஒட்டும் என்று மைக்கேல் புவனகோர் 1955இல் காட்டினார். அடுத்த பத்தாண்டுக்குள் ரஃபேல் போவன் அதற்கேற்ற பிசினை உருவாக்கினார். இன்றைய காம்போசிட் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. பல்லோடு ஒட்டிக்கொள்வதால் நல்ல பகுதியை அதிகம் குடைய வேண்டியதில்லை. ஆனால் வேலை செய்பவரின் பொறுமை இதில் ரொம்ப முக்கியம். சாதாரணக் காம்போசிட்டை 2 மி.மீ. அளவுக்கு அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல ஒளியில் இறுக்க வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டு போச்சு. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டி வேலை செய்கிறாரா என்று பாருங்கள். அந்த ஒன்றிலேயே வேலையின் தரம் தெரிந்துவிடும்.

கிளாஸ் அயனோமர் சிமென்ட்டும் பல்லோடு ஒட்டும், கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும், ஃபுளோரைடை மெல்ல வெளியிடும். ஆனால் பெரிய கடியைத் தாங்கும் வலு குறைவு. ஈறோரச் சொத்தைக்கும் குழந்தைகளின் பல்லுக்கும் நல்லது. உடைந்த கடைவாய்ப்பல்லில் அதையே கடைசி அடைப்பாக நம்பக் கூடாது.

வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமால்கத்தில் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். வலுவில் குறை சொல்ல முடியாது, பல வாய்களில் இருபது முப்பது வருடம் உழைத்திருக்கிறது. பாதரசம் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பதால் 2013இன் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு நாடுகள் அதைக் குறைத்து வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து, தவிர்க்க முடியாத மருத்துவக் காரணம் இருந்தால் தவிர, நிறுத்திவிட்டது. பழைய வெள்ளி அடைப்பு இறுக்கமாக, கசிவில்லாமல் இருந்தால் பயந்துபோய்த் தோண்டி எடுக்கத் தேவையில்லை. எடுக்கும்போது நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

அடைப்புக்கும் கேப்புக்கும் நடுவில் ஆன்லே என்று ஒன்று உண்டு. பல்லின் மேல்தளத்தையும் பலவீனமான மூலைகளையும் மட்டும் மூடும் வகையில் லேப்பில் செய்து ஒட்டுவது. நரம்பு உயிரோடு இருந்து, பக்கச் சுவர்கள் ஓரளவு நன்றாக இருக்கும் பல்லுக்கு இது அருமையான வழி. முழுக் கேப்புக்குச் செதுக்குவதைவிடப் பல் எவ்வளவோ மிஞ்சும். நம் ஊரில் இதை யாரும் தாமாகச் சொல்வது குறைவு, அதனால் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ரூட் கெனாலும் கேப்பும்

சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது, ஆனால் சுவர்கள் இருக்கின்றன என்றால் என் முழு ஆதரவு இதற்குத்தான். கீழ்க் கடைவாய்ப்பல்லில் வழக்கமாக மூன்று கால்வாய்கள், சிலருக்கு நான்கு. அவற்றைத் தேடிச் சுத்தம் செய்து, குட்டா பெர்ச்சா என்ற மரப்பாலிலிருந்து வரும் பொருளால் அடைப்பார்கள்.

நம் மக்கள் செய்யும் பெரிய தவறு இதற்கு அப்புறம்தான். வலி போய்விட்டது, கேப்புக்குப் பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். உள்ளே குடைந்த பல்லில் சுவர்கள் தனித்தனியாக நிற்கும். மெல்லும் ஒவ்வொரு கடியும் அவற்றை இரண்டு பக்கமாகத் தள்ளும். அமெரிக்காவின் அயோவாவில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ரூட் கெனால் செய்து கேப் போடாத பற்கள், கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் பறிபோயிருந்தன. கேப்புக்கு வைத்த பணம் போதவில்லை என்றால் விலை குறைந்த கேப்பை உடனே போடுங்கள். நல்ல கேப்புக்காகக் காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, இப்போது பொருளுக்கு வருவோம். முழு மெட்டல் கேப் பார்க்க அழகாக இருக்காது. ஆனால் மெல்லிசாகச் செய்யலாம், அதனால் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும். எதிர்ப் பல்லைத் தேய்க்காது, உடையாது. குட்டையான கடைவாய்ப்பல்லுக்கு, அதுவும் சிரிக்கும்போது தெரியாத இடத்தில், இன்றும் என் கை அதைத்தான் தேடும். மலிவானவற்றில் நிக்கல் கலந்திருக்கும். கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிக்கல் இல்லாத கோபால்ட் குரோமியத்தில் செய்யலாம்.

மெட்டலின் மேல் பீங்கான் பூசிய கேப் பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடம் வேண்டும் என்பதால் அதிகம் செதுக்குவார்கள். பீங்கான் ஓரத்தில் பெயர்ந்து, அடியிலிருக்கும் மெட்டல் தெரியும் கேப்புகள் லேப்புக்குத் திரும்பி வருவது சகஜம். கடைவாய்ப்பல்லுக்கு இதைத் தேர்ந்தெடுக்க இன்று வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஜிர்கோனியா வேறு ரகம், வலுவான ஒரு பீங்கான். சுண்ணாம்புக்கட்டி போன்ற வெள்ளை வட்டிலிருந்து, வேண்டிய அளவைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக இயந்திரம் வெட்டித் தரும். அந்த நிலையில் நகம் பட்டாலே கீறல் விழும், ஓரம் நொறுங்கும், மூச்சடக்கித்தான் கையாள்வோம். பிறகு 1,500 டிகிரி அளவு சூட்டில் சுட்டால் சுருங்கி, சரியான அளவுக்கு வந்து, சுத்தியலுக்கும் சட்டென்று மசியாத கேப்பாக வெளியே வரும். பல் நிறம், நல்ல வலு, நிக்கல் கிடையாது. கடைவாய்க்கு மேலே பீங்கான் பூசாத முழு ஜிர்கோனியாவைக் கேளுங்கள். பூசினால் அந்தப் பூச்சுதான் முதலில் பெயரும். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். கடி சரிசெய்ய மேலே தேய்த்தால் மறுபடி நன்றாகப் பாலிஷ் போட வேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிரே இருக்கும் நல்ல பல்லை அரம்போல் தேய்த்துவிடும். கண்ணாடி வகைப் பீங்கானில் லித்தியம் டைசிலிகேட் அழகில் இதைவிட மேல், வலுவில் குறைவு. அது முன்பல்லுக்கும் ஆன்லேக்கும் ஏற்றது.

இந்த விளம்பரப் பெயர்களையும் வாரண்டி அட்டைகளையும்விட விளிம்பு பொருந்துகிறதா என்பது பெரிது. கேப் மாட்டும் நாளில் அவசரப்படாமல் சில விஷயங்களைப் பாருங்கள். பல் இடுக்கில் ஃபிளாஸ் நூல் இறுக்கமாக இறங்கி, நாராகப் பிரியாமல் வெளியே வர வேண்டும். நீலத்தாளைக் கடித்தால் கேப்பில் மட்டும் அழுத்தமாகக் கறை விழக் கூடாது. ஏதோ உயரமாக இருக்கிறது என்று தோன்றினால் நாற்காலியில் இருக்கும்போதே சொல்லுங்கள். "பழகிடும்" என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

பிடுங்கியே ஆக வேண்டும் என்றால்

இடைவெளியை அப்படியே விடலாமா? கடைசிக் கடைவாய்ப்பல் என்றால் பலருக்கு விடலாம். நெதர்லாந்தின் நைமேகனில் காய்ஸர் 1980களின் தொடக்கத்திலேயே, முன்பற்களும் சிறு கடைவாய்ப்பற்களும் இரு பக்கமும் ஒழுங்காகக் கடித்தால் மெல்லுவதற்குப் பலருக்கு அது போதும் என்று காட்டியிருக்கிறார். எல்லா இடைவெளியையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் நடுவில் இருக்கும் முதல் கடைவாய்ப்பல் அப்படியல்ல. பின்னால் இருக்கும் பல் முன்பக்கம் சாயும், எதிர்ப் பல் இறங்கி வரும். சில வருடம் கழித்துப் பல் கட்ட நினைத்தால் கட்ட இடமே இருக்காது. அந்த மாதிரி அச்சுகள் வரும்போது சாய்ந்த பல்லையும் சேர்த்துச் செதுக்க வேண்டியதாகிவிடுகிறது.

கழற்றி மாட்டும் பல் மலிவு, யாருடைய பல்லையும் பெரிதாகச் செதுக்க வேண்டாம். ஒரே பல்லுக்கு அதைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். இரவில் கழற்றிவிட வேண்டும். ஒற்றைப் பல் வைத்த சின்னத் தகடு தூக்கத்தில் விழுங்கக்கூடிய அளவுதான்.

பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கத்துப் பற்களையும் கேப்புக்குச் செதுக்கி, நடுவில் ஒரு பல்லைத் தொங்கவிடுவது. இரண்டு மூன்று வாரத்தில் வேலை முடிந்துவிடும், அறுவை கிடையாது. ஆனால் முழுக் கேப்புக்குச் செதுக்கினால் கண்ணுக்குத் தெரியும் பல்லில் பெரும்பகுதி போய்விடும். சொத்தையே இல்லாத இரண்டு அழகான பற்கள், இல்லாத மூன்றாவதற்காகக் குச்சியாகச் செதுக்கப்பட்டு அச்சில் வரும்போது எனக்கு மனசு கனக்கும். அந்த எனாமல் திரும்ப வளராது. செதுக்கிய பற்களில் சிலவற்றுக்குப் பிறகு நரம்பும் கெட்டு, ரூட் கெனால் தேவைப்படும். விளிம்பில் எங்காவது ஒரு பல்லுக்குச் சொத்தை பிடித்தால் மொத்தப் பிரிட்ஜையும் எடுக்க வேண்டியதுதான். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ பழைய கேப்போ இருந்தால் கணக்கு மாறுகிறது. எப்படியும் அவற்றுக்குக் கேப் தேவை என்னும்போது பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம். பிரிட்ஜ் போட்டவர்கள் நடுப்பல்லுக்கு அடியில் நுழைக்கும் தடித்த நூலை வாங்கித் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

பக்கத்துப் பற்கள் இரண்டும் நன்றாக இருந்தால் இம்பிளான்ட். ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானெமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவி எலும்போடு ஒன்றிப்போய்ப் பிடுங்க முடியாமல் நின்றதைக் கவனித்தார். 1965இல் முதல்முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகுகளை வைத்தார். அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை அவை உழைத்தன. இன்றும் அடிப்படை அதேதான்: தாடை எலும்பில் டைட்டானியத் திருகு, எலும்பு அதைப் பிடிக்கச் சில மாதம் காத்திருப்பு, மேலே கேப்.

இது எல்லோருக்கும் ஏற்றதல்ல. கட்டுக்குள் வராத சர்க்கரை, புகைப்பழக்கம், ஏற்கெனவே இருக்கும் ஈறு நோய் மூன்றுமே தோல்வியைக் கூட்டும். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் பல்லைப் பிடுங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வளர்ச்சி முடியாத வயதில் வைக்கக் கூடாது. கீழ்க் கடைவாய்ப் பக்கம் எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. திருகு அதைத் தொட்டால் கீழுதடு மரத்துப்போகும். முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, நரம்புக்கு மேலே 2 மி.மீ.யாவது இடம் விட்டுத் திட்டமிடுவது அதனால்தான். ஸ்கேன் வேண்டாம் என்று செலவைக் குறைத்துச் சொல்பவரிடம் இந்தப் பல்லுக்கு இம்பிளான்ட் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இம்பிளான்ட்டுக்குச் சொத்தை வராது, உண்மை. ஆனால் சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் அழுகலாம். வலி தெரியாமலே எலும்பு கரைந்து, திருகு ஆடும்போதுதான் தெரியவரும். பல் துலக்கச் சோம்பலால் பல்லை இழந்தவர் அதே பழக்கத்தோடு இம்பிளான்ட்டையும் இழப்பார். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. என்ன கம்பெனி, என்ன அளவு என்று ஒட்டிய ஸ்டிக்கரோ அட்டையோ கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்து உள்ளே இருக்கும் சின்னத் திருகு தளர்ந்தால், எந்த வகை என்று தெரியாமல் எங்களால் பொருத்தமான பாகம் தேட முடியாது. வெளியூரில் வைத்துக்கொண்டு அட்டை இல்லாமல் வருபவர்கள் படும் பாடு பெரிது.

பத்து ஆண்டு நிலைப்பதில் இம்பிளான்ட் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், பிரிட்ஜ் கிட்டத்தட்ட தொண்ணூறு. சுவர் நன்றாக இருந்து ஒழுங்காக ரூட் கெனாலும் கேப்பும் போட்ட பல் இம்பிளான்ட்டுக்குச் சளைத்ததல்ல. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச்சவ்வு இருக்கிறது. சோற்றில் கல் கடிபட்டதும் சட்டென்று வாய் நிற்பது அதனால்தான். இம்பிளான்ட்டில் அந்தச் சவ்வு கிடையாது. காப்பாற்ற முடிகிற பல்லைப் பிடுங்கி இம்பிளான்ட் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பணமும் நேரமும்

மதுரைப் பக்கம் நான் கேட்டறிந்த வரையில், கடைவாய்ப்பல் ரூட் கெனாலுக்கு 3,000 முதல் 6,000 ரூபாய், மெட்டல் கேப்புக்கு 2,000 அளவில், ஜிர்கோனியாவுக்கு 6,000 முதல் 12,000, கேப்போடு சேர்த்து இம்பிளான்ட்டுக்கு 25,000க்கு மேல். ஊருக்கும் மருத்துவருக்கும் ஏற்ப மாறும். பிரிட்ஜின் விலையைக் கேட்கும்போது ஒரு பல்லுக்கா, மூன்று பல்லுக்கும் சேர்த்தா என்று தெளிவாகக் கேளுங்கள். மூன்று கேப் கணக்குதான் வரும். கையில் பணம் குறைவு என்றால் சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திலும், புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம். நாலைந்து முறை போக வேண்டும், பாதிநாள் போகும். அந்தப் பொறுமை இருக்கிறவர்களுக்கு வேலை நன்றாகவே கிடைக்கும்.

நேரக் கணக்கும் உண்டு. ரூட் கெனாலுக்குப் பிறகு கேப்பைச் சில வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பிடுங்கிய இடத்தில் எலும்பு முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாகக் குறுகும். ஒரு வருடத்தில் அகலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். இம்பிளான்ட் எண்ணம் இருந்தால் பிடுங்கும் முன்பே பேசிவிடுங்கள். குழியில் எலும்புத் தூள் நிரப்பிக் குறுகுவதைக் குறைக்க வழி இருக்கிறது, அதைப் பிடுங்கும் அன்றே செய்ய வேண்டும். வலியோடு போய் உட்கார்ந்து "புடுங்கிடுங்க டாக்டர்" என்று சொல்லும் முன், எக்ஸ்ரேயின் படத்தை செல்போனில் வாங்கிக்கொள்ளுங்கள். வலிக்கு அன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்துகொண்டு, அந்தப் படத்தோடு இன்னொரு மருத்துவரிடம் போய் அந்த 2 மி.மீ. சுவர் மிஞ்சுமா என்று கேட்க ஒருநாள் போதும்.